48 வோல்ட் கேட்டால்தான் அசல் கண்டென்சரா?

சூரமங்கலம் சவுண்ட்: சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஸ்டூடியோ நடத்தும் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் அடித்துவிட்டிருக்கிறார்: "48 வோல்ட் கேட்பதுதான் அசல் கண்டென்சர். எலக்ட்ரெட் எல்லாம் காலர் மைக்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. கண்டென்சர் என்றால் சவ்வும் தகடும் சேர்ந்த மின்தேக்கியால் ஒலியைப் பிடிக்கும் மைக்; 48 என்பது மிக்சரிலிருந்து கேபிள் வழியே அதற்குப் போகும் மின்சாரம். எலக்ட்ரெட் வகைக் கண்டென்சரில் மின்னேற்றம் நிரந்தரமாகவே தங்கியிருக்கும். 1962இல் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்ட்டும் செய்த வேலை அது. ஆனால் உள்ளே இருக்கும் எஃப்.இ.டி. டிரான்சிஸ்டருக்குக் கரண்ட் வேண்டுமே? அதனால் ஸ்டூடியோ எலக்ட்ரெட்டும் 48 கேட்கும்!

அம்மாபேட்டை மணி: கேட்கட்டும். ஒலியைப் பிடிக்கும் தலைப்பகுதி, அந்தக் காப்சூலுக்குப் போகிறதா? போகாது. அப்போ அசல் இல்லை.

சூரமங்கலம் சவுண்ட்: டிபிஏ 4006 ஸ்டூடியோ மைக் தெரியுமா? அதன் பின்தகடும் முன்பே மின்னேற்றிய தகடுதான். அதையும் சட்டைக் காலரில் குத்திக்கொள்வீர்களா?

அம்மாபேட்டை மணி: பெயர் சொல்லி மிரட்ட வேண்டாம். காப்சூலுக்கு 48 போகிறதா இல்லையா?

சூரமங்கலம் சவுண்ட்: அசலிலேயே அப்படியே போவதில்லை அண்ணே. பல மைக்குகளில் உள்ளே கன்வெர்ட்டர் வைத்து 60 வோல்ட் பக்கம் ஏற்றித்தான் காப்சூலுக்குத் தருவார்கள். 1949இல் வந்த நாய்மன் யு47 வால்வு மைக். தனிப் பவர் சப்ளை பெட்டி, 48 பேச்சே இல்லை. உங்கள் கணக்குப்படி அதுவும் போலி!

ஏற்காட்டு மூடுபனி: சண்டையை விடுங்கப்பா. ஐப்பசி மாதம் எங்கள் ஏற்காடு லேடீஸ் சீட் வியூ பாயிண்ட் பக்கம் பறவைச் சத்தம் எடுக்க வாருங்கள். ஈரம் ஏறி மின்னேற்றம் கசிந்தால் உங்கள் அசல் மைக் படபடவென்று பொரியும். சென்ஹைசர் எம்.கே.எச். மைக் வரிசை ஆர்.எஃப். (ரேடியோ அதிர்வெண்) கண்டென்சர். காப்சூலில் மின்னேற்றத்தைத் தேக்கிவைக்காமல் உயர் அதிர்வெண் சிக்னலை ஓட்டுகிறார்கள். மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) குறைவு, பனியைத் தாங்கும். அதுவும் 48இல்தான் ஓடுகிறது.

அம்மாபேட்டை மணி: காப்சூலில் மின்னேற்றமே இல்லையா? அப்போ அதுவும் அசல் இல்லை.

ஏற்காட்டு மூடுபனி: 😂 மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ இருந்த ஊர்க்காரர் பேசுகிற பேச்சா இது?

அம்மாபேட்டை மணி: காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள் எம்.கே.எச். வாங்கலாம். நாங்கள் கல்யாண மண்டபத்தில் மைக் கட்டிப் பிழைக்கிறோம்.

சூரமங்கலம் சவுண்ட்: பிழையுங்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வாங்கிப்போன என் எக்ஸ்.எல்.ஆர். கேபிள் எங்கே?

அம்மாபேட்டை மணி: கேபிள் கடையில்தான் கிடக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளும். கனெக்டரில் ஈயம் விட்டுப்போயிருந்தது, பற்ற வைத்ததே நான்தான். இப்போதும் சொல்கிறேன், எலக்ட்ரெட் காப்சூலுக்கு 48 போகாது.

சூரமங்கலம் சவுண்ட்: போகாது என்றுதானய்யா நானும் முதலிலிருந்து சொல்கிறேன்! போகாததால் போலி ஆகிவிடுமா என்பதற்குப் பதில் சொல்லும்.

அம்மாபேட்டை மணி: போகாது என்று ஒத்துக்கொண்டீர் அல்லவா. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாயிற்று.