பச்சைநாயகி என்ற பெயரை மாற்றச் சொல்லும் மகளுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி (ஒரு தாய், வடவள்ளி)

நான்காம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகளுக்குப் பச்சைநாயகி என்று பெயர். அது என் அம்முச்சியின் பெயர். பேரூர் அம்மனின் பெயரும் அதுவே. இந்த ஆண்டு பள்ளி மாறியதிலிருந்து ‘பச்சை மிளகாய்’ என்று பிள்ளைகள் கூப்பிடுகிறார்களாம். வருகைப் பதிவேட்டில் பெயரை வாசிக்கும்போதே வகுப்பில் சிரிப்பு எழுகிறது என்கிறாள். போன வாரம், தியா என்று மாற்றிவிடுங்கள் என்று அழுதாள். அரசிதழில் வெளியிட்டு மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை. அதற்காக அவளை வருத்துவது சரியா என்றும் தெரியவில்லை.

பதில் (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோபி)

அம்மணி, முதலில் வகுப்பாசிரியரைப் பாருங்கள். கிண்டலை நிறுத்துவது ஆசிரியரின் வேலை. அதைக் குழந்தையின் தலையில் ஏற்றக் கூடாது. அதன்பின் பெயரின் பெருமையைப் பற்றி எதுவும் பேசாமல், பேரூர்க் கதையை மட்டும் சொல்லுங்கள். சுந்தரர் பொருள் கேட்டு வருகிறார் என்று அறிந்த பட்டிப்பெருமானும் பச்சைநாயகியும் கூலியாட்களைப் போல வேடமிட்டு, வயலில் இறங்கி நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும், ஒளிந்திருந்த இடத்தை நந்தி காட்டிக்கொடுத்துவிட்டது என்பதும் தலபுராணச் செய்தி. ஆனி மாதத்தில் அங்கே நடைபெறும் நாற்று நடவுத் திருவிழா அதை நினைவூட்டுவதுதான். கடன்காரருக்குப் பயந்து ஒளிவதைப் போன்ற இந்தக் கதையில் குழந்தைகள் தாமாகவே சிரிப்பார்கள்.

பதில் (சென்னிமலைக்காரர், இப்போது புனேயில்)

என் பெயர் சென்னியப்பன். கல்லூரி விடுதியில் ‘சென்னைக்கே அப்பன்’ ஆனேன். அவிநாசிக் கோயில் இறைவனின் பெயரைக் கொண்ட தி. சு. அவிநாசிலிங்கம், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர் என்று எங்கள் அப்புச்சி அடிக்கடி ஆறுதல் சொல்வார். அதனால் ஒரு பயனும் விளையவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெயர்கள் தெருவுக்கு நான்கு இருந்தன, என் வகுப்பிலோ நான் ஒருவன்தான். எனக்கு உதவியது வேறொன்று: விடுதிக்கு வந்த அப்பா, எல்லார் முன்னிலும் முழுப்பெயரைச் சொல்லி, கொஞ்சமும் கூச்சமின்றி என்னைக் கூப்பிட்டார். அதனால் ஒன்று கேட்கிறேன்: வெளியாட்களிடம் மகளை என்ன பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறீர்கள்?

பதில் (ஈரோட்டிலிருந்து ஒருவர்)

நான் சற்று மாறுபடுகிறேன். பெயரைச் சுமப்பவள் அவள்தான். பதினெட்டு வயதுக்குப் பிறகும் வேண்டாமென்றால் அவளே அரசிதழ் வழியாக மாற்றிக்கொள்ளலாம், அப்போது தடுக்க மாட்டோம் என்று இப்போதே வாக்குக் கொடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

புனேக்காரர் கேட்ட கேள்வி என்னைச் சுட்டது. ‘தியா’ என்ற பெயர் பள்ளியிலிருந்து வரவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடிவந்த நாளில், பக்கத்து வீட்டாரிடம் நான்தான் அப்படிச் சொன்னேன். முழுப்பெயரைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்திருக்கிறது. நேற்று அதே வீட்டாரிடம் அவளை அருகில் வைத்துக்கொண்டு திருத்திச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மாலையில் பேரூரில் கதையைச் சொன்னபோது, ‘அந்த அம்மன் காலெல்லாம் சேறாக இருந்திருக்குமா?’ என்று மட்டும் கேட்டாள். வகுப்பாசிரியரைத் திங்கட்கிழமை பார்க்கிறேன்.