பூட்ஸ் போட்டால் பாம்புக்கடி சாவு நிற்குமா?

வேளச்சேரிவாசி:
இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்பு கடித்துச் சாகிறார்கள் என்று ஒரு மதிப்பீடு, பெரும்பாலும் கிராமத்து விவசாய மக்கள். முழங்கால் வரை பூட்ஸ், கையில் டார்ச், இது போதும். அதைச் செய்யாமல் மந்திரிக்க ஓடினால் அரசாங்கம் என்ன செய்யும்?

செய்யூரான்:
அண்ணே, நடவுக்குச் சேடை ஓட்டிய வயலில் இறங்கியதுண்டா? பூட்ஸோடு காலை வைத்தால் கால் மட்டும்தான் மேலே வரும், பூட்ஸ் சேற்றிலேயே நிற்கும். அப்புறம், கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்தவர்களைத்தான் கடிக்கிறது. வலி அதிகம் இருக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது, விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, கண் இமையைத் தூக்க முடியாமல் போகும்போதுதான் வீட்டில் பதறுகிறார்கள். அதற்கு எந்த பூட்ஸ்?

வேளச்சேரிவாசி:
அதற்குக் கொசுவலை. ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் பாம்பு வராது, கொசுவும் வராது.

சிஸ்டர்_செங்கை:
நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவள். மந்திரிப்பு இப்போது குறைந்துவிட்டது, நேரம் போவது ரெஃபரில், அதாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதில்தான். காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் மாதிரிப் பாம்பின் விஷம் ஏறியிருக்கிறது, உடனே எட்டு, பத்து குப்பி விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். மருந்து பிரிட்ஜில் இருக்கும். ஆனால் அலர்ஜி வந்தால் சமாளிக்கணுமே என்று பயந்து, குப்பியைத் திறக்காமலே 108-இல் ஏற்றிவிடுகிற டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

செய்யூரான்:
நான் சொல்ல வந்ததும் அதுதான். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978-இலிருந்து இருக்கிறது, நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி அவர்கள் எடுத்துக் கொடுப்பது. அதே மாவட்டத்தில் கடிபட்டவரை ஊர் ஊராக அனுப்புகிறீர்கள்.

வேளச்சேரிவாசி:
2024-இல் தமிழக அரசு பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கிவிட்டது, இனி எங்கே, எத்தனை பேர் என்று கணக்கு வரும், மருந்தும் அங்கே போகும். ஆனால் கண்ணாடிவிரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலர் கிட்னி போய் டயாலிசிஸில் கிடக்கிறார்களே, சிஸ்டர் இல்லை என்பாரா? கடி வாங்காமல் இருப்பதுதான் முதல் வேலை. நடவுக்கு ஆகாவிட்டால் போகட்டும், அறுவடைக்கும் கரும்பு வெட்டுக்கும் பூட்ஸ் ஆகாதா?

செய்யூரான்:
ஆகும். யார் வாங்கித் தருவது? எங்கள் பக்கம் கூலியாள் கதிர் அரிவாளையே சொந்தக் காசில் வாங்குகிறார்.