தனித்து இயங்கும் வெளிக்களப் பயிற்றுநர் பள்ளிகளிடம் கட்டணத்தை எப்படிப் பேசுவது?

கோவை ஆசிரியை:
தனியார் பள்ளியொன்றில் உயிரியல் கற்பித்துவந்த நான் அப்பணியிலிருந்து விலகி, எந்த நிறுவனத்தையும் சாராமல், மாணவர்களுக்கு இயற்கை நடை, பறவை நோக்கல் போன்ற வெளிக்களப் பயிற்சிகளை அளிக்க விரும்புகிறேன். முதலில் அணுகிய பள்ளி, மாணவருக்கு இவ்வளவு என்று தொகை சொல்லச் சொல்கிறது. நாள் கணக்கில் கேட்பது முறையா? அனுமதியும் காப்பீடும் யார் பொறுப்பு?

மலைவழி:
நாள் கணக்கிலேயே கேளுங்கள், அம்மா. தலைக்கணக்குக்கு ஒப்புக்கொண்டால், அறுபது பேர் என்று சொல்லிவிட்டு முப்பது பேரை அனுப்பும் நாளில் இழப்பு உங்களுக்கு. கூடுதலாக அனுப்பினால் வருமானத்தை எண்ணி நீங்களே தலையாட்டிவிடுவீர்கள், அது அதைவிட ஆபத்து. ஒரு பயிற்றுநருக்கு இத்தனை மாணவர்கள்தான் என்று எழுத்தில் வைத்து, அதற்கு மேல் போனால் இரண்டாவது பயிற்றுநரின் கட்டணத்தையும் பள்ளியே ஏற்க வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள்.

இடத்தை முன்கூட்டிப் பார்த்துவரும் நாளும் வேலைநாள்தான். குளவிக்கூடு எங்கே இருக்கிறது, கைப்பேசிச் சமிக்ஞை எந்த வளைவில் அற்றுப்போகிறது, பாம்புக்கடிக்கு நஞ்சுமுறிவு மருந்து வைத்திருக்கும் அரசு மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பதையெல்லாம் வீட்டிலிருந்தபடி அறிய முடியாது. அந்த நாளுக்குக் கட்டணம் கேட்கத் தயங்குபவர்களே அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் பயணங்கள் தள்ளிப்போகும். மார்ச்சில் தேர்வுகள் வந்துவிடும். ஆகவே, ரத்தானால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

குளக்கரையான்:
காப்புக்காட்டுக்குள் செல்வதென்றால் வனத்துறையின் அனுமதி கட்டாயம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின்னர் மலையேற்றத்திற்கென்றே தமிழக அரசு விதிமுறைகளை வகுத்தது; ‘வனக்காவலர் நமக்குத் தெரிந்தவர்தான்’ என்னும் பேச்சை எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். விண்ணப்பம் பள்ளியின் பெயரில், தலைமையாசிரியர் கையொப்பத்துடன் போகட்டும். தொடக்கத்தில் சிங்காநல்லூர் குளமும் சூலூர் குளமுமே உங்களுக்குப் போதும் என்பது என் கருத்து: பறவைகளுக்குக் குறைவில்லை, மருத்துவமனையும் அருகில்.

காப்பீட்டில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். குழு விபத்துக் காப்பீடு காயமடைந்த மாணவருக்கானது. உங்கள் கவனக்குறைவு என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தால் அது உங்களைக் காக்காது, அதற்குப் பொறுப்புக் காப்பீடு தனியாக வேண்டும். முன்னதைப் பள்ளி எடுக்கட்டும், பின்னதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவை ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தின் அடிப்படைப் பயிற்சியை முடித்தால்தான் பள்ளிகள் நம்பும் என்கிறார்களே?

மலைவழி:
அது பாறையேற்றமும் பனிமலை நடையும் கற்பிக்கும் நல்ல பயிற்சி. ஆனால் குளக்கரைக்குப் பனிக்கோடாரி எதற்கு? முதலுதவிச் சான்றிதழை முதலில் பெறுங்கள், அதைக் காலாவதியாகாமல் புதுப்பித்தும் வாருங்கள். கூடவே, மாணவிகள் வரும் குழுவுடன் பள்ளியின் ஆசிரியை ஒருவர் கட்டாயம் உடன்வர வேண்டும் என்ற நிபந்தனையையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.