ஸ்டென்ட் வைத்தவர் தைப்பூசத்துக்கு அலகு குத்தலாமா?

கத்ர் போர்ன் தங்கை:
வணக்கம், மொரீஷியஸின் கத்ர் போர்ன் ஊரிலிருந்து எழுதுகிறேன். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் கம்பிவலை) வைத்த அண்ணனுக்கு இது நாலாவது மாதம். ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் 75, வயிற்றுக்கு ஒமெப்ரசோல் 20 போடுகிறார். நாக்கில் அலகு குத்துவதாக வேண்டுதல். ரத்தம் நிற்காதே என்று, விரதம் இருக்கும் பத்து நாளும் மாத்திரையை நிறுத்தப் போகிறாராம். நிறுத்தலாமா?

மலைக்கோயில் அடியார்:
அம்மா, கண்டிப்பாக நிறுத்த விடாதீர்கள். ஸ்டென்ட் கம்பியின் மேல் ரத்தக்குழாயின் உட்தோல் மூடி வளரப் பல மாதங்கள் பிடிக்கும். அதுவரை, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் கம்பியில் ஒட்டிக் கட்டியாகலாம். கட்டியானால் குழாய் திடீரென அடைத்து மறுபடி மாரடைப்பு, உயிரே போகலாம். அதனால்தான் மாரடைப்புக்குப் பிறகு, தட்டணு ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் வழக்கமாக 12 மாதம் கொடுக்கிறார்கள். முன்னதாகக் குறைப்பதென்றால் இதய டாக்டர்தான் முடிவு செய்யணும்.

"முந்தின நாள் மட்டும் விட்டால்?" என்பார். பயனில்லை. இந்த மருந்துகள் பட்ட தட்டணு சாகும்வரை அப்படியே இருக்கும். அதன் ஆயுள் 7 முதல் 10 நாள். ஆகவே ஒரு நாள் விட்டாலும் ரத்தம் ஒழுகும். பத்து நாள் விட்டாலோ, தண்ணீர் குறைந்து வெயிலில் நடக்கிற அன்றைக்கே பாதுகாப்பு இல்லாமல் நிற்பார்.

மருந்துக்கடை:
ஒமெப்ரசோலைக் கவனியுங்கள். குளோபிடோக்ரல் கல்லீரலில் மாறிய பிறகே வேலை செய்யும். அந்த மாற்றத்தை ஒமெப்ரசோல் தடுக்கிறது. பான்டோபிரசோலுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒமெப்ரசோலைத் தானாக நிறுத்த வேண்டாம், வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியலாம்.

விரதத்திலும் மாத்திரை உண்டு. ஒருவேளை மட்டும் சாப்பிட்டால் அந்தச் சாப்பாட்டோடு ஆஸ்பிரினைப் போடட்டும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. காவடி தூக்கித் தோள் வலித்தால் பாரசிட்டமால் போதும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் தொடக் கூடாது.

கத்ர் போர்ன் தங்கை:
மாத்திரை போட்டுக்கொண்டே சின்ன அலகு ஒன்று மட்டும் குத்தினால்?

மலைக்கோயில் அடியார்:
சின்னதும் வேண்டாம். நாக்கு முழுக்க ரத்தக்குழாய். உள்ளே கசிந்து வீங்கினால் மூச்சையே அடைக்கும். பால்குடமோ லேசான காவடியோ, அதுவும் இவ்வளவு தூரம் நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு. அலகை அடுத்த வருஷம் டாக்டர் சொல்வதைப் பார்த்து முடிவு செய்யலாம், முருகன் காத்திருப்பான். மலம் தார்போல் கறுத்தால் அன்றே காட்டுங்கள். நெஞ்சு அழுத்தினால் நடையை நிறுத்தி உட்கார வைத்து உடனே 114-க்கு (மொரீஷியஸ் ஆம்புலன்ஸ்) போன் செய்யுங்கள்.