செலரிக் காம்பை வெளிறச் செய்வதற்கு ஒரு சொல்

அன்புடையீர்,

காய்கறித் தோட்டக் கையேடு ஒன்றின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். செலரி இயலில் 'பிளாஞ்சிங்' என்னும் சொல் இரு பொருளில் வருகிறது. அறுவடைக்குச் சில வாரங்கள் முன்னதாக மண் அணைத்தோ, தடித்த தாளால் சுற்றியோ காம்புகளில் ஒளி படாமல் மறைத்தால், பச்சையம் குறைந்து காம்பு வெளிறுகிறது, கசப்பும் தணிகிறது; இது ஒன்று. உறைய வைப்பதற்கு முன் காம்புத் துண்டுகளைக் கொதிநீரில் 3 நிமிடம் இட்டுக் குளிர்நீரில் ஆற்றுவது மற்றொன்று. இரண்டையும் 'வெளுத்தல்' எனலாமா?

*

ஐயா,

கூடாது. கொதிநீரில் இட்ட காம்பு வெளுப்பதில்லை, பச்சை துலங்கவே செய்யும்; அங்கே முடக்கப்படுபவை நொதிகள். 'கொதிநீர் முக்கல்' என்றால் போதும். தோட்டச் செயலுக்கு 'வெளிற்றுதல்' என்பதை முன்வைக்கிறேன். மாறு மாற்று, தேறு தேற்று என்பனபோல வெளிறு வெளிற்று எனப் பிறவினை இயல்பாக அமைகிறது. புறநானூற்றின் 'வெளிற்றுப் பனந்துணி' வயிரம் பாயாத, அதாவது உள்மரம் இறுகாத, பனையைக் குறிப்பது. ஒளி மறைத்த செலரியிலும் நிறம் குன்றுவதோடு மென்மையும் கூடுவதால், இரண்டையும் ஒருங்கே சுமக்கும் வேர்ச்சொல் இதைவிட நமக்குக் கிடைக்காது. 'தண்டு' என எழுதிவிடாதீர்கள். நாம் உண்பது இலைக்காம்பு. உண்மைத் தண்டு அடியில் குறுகிக் கிடந்து பூக்கும் பருவத்தில்தான் நீள்கிறது.

*

ஐயா,

குறள் 503இல் வெளிறு என்பது அறியாமை. வேர் எத்தனை ஆழமானாலும், மண்வெட்டியோடு நிற்பவருக்கு 'வெளிற்றுதல்' விளங்காது. 'மண் அணைத்தல்' என்று எல்லாரும் அறிந்த சொல் இருக்கிறதே?

*

அம்மா,

மண் அணைத்தல் வழிமுறை, வெளிறுதல் விளைவு. தாள் சுற்றினாலும் அதே விளைவுதான். மண் அணைக்காமலேயே தானாக வெளிறும் செலரி வகைகளும் உள்ளன. அவற்றை உங்கள் சொல்லால் எப்படிக் குறிப்பது?

*

அன்புடையீர்,

நாள் நெருங்கிவிட்டது. பெரும்பான்மையர் ஒப்பியபடி 'வெளிறச் செய்தல்', 'தானே வெளிறும் வகை', 'கொதிநீர் முக்கல்' என்றே எழுதி அனுப்புகிறேன்.

*

ஐயா,

இரு சொற்களில் நீட்டுவதை நான் ஏற்கவில்லை. சொல்லடைவிலேனும் 'வெளிற்றுதல்' இடம்பெற வேண்டும்.