அப்பா ஐசி (மலேசிய அடையாள அட்டை) நம்பர் கூட தெரியல! எதெல்லாம் மனப்பாடமா இருந்தா நல்லா இருக்கும்னு நினைக்கிறீங்க?

பினாங்கு_ராஜி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ராத்திரி அப்பாவுக்கு திடீர்னு உடம்பெல்லாம் வேர்த்து கொட்டி பேச்சு குழறிடுச்சு, தம்பி காடிய எடுத்தான், நான் பின் சீட்ல அப்பாவ சாச்சு பிடிச்சுக்கிட்டே போயி எமர்ஜென்சில விட்டோம். கவுண்டர்ல அந்த பொண்ணு கேட்டது மூணே கேள்விதான். ஐசி நம்பர் என்ன, என்ன மருந்து சாப்பிடுறாரு, எந்த மருந்தாவது ஒத்துக்காதா. அப்பா பர்ஸ் வீட்டுல, என் போன் சார்ஜ்ல தொங்கிக்கிட்டு இருக்கு அதுவும் வீட்டுல, தம்பிக்கு அப்பா பொறந்த வருஷமே சந்தேகம். நான் சொன்ன பதில் என்ன தெரியுமா, "இனிப்பு நீருக்கு ஒரு வெள்ளை மாத்திரை, அப்புறம் இன்னொரு வெள்ளை மாத்திரை". அந்த பொண்ணு என்னைய ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க!

அப்பா இப்ப நல்லா இருக்காரு, சுகர் ரொம்ப இறங்கிடுச்சாம், மாத்திரைய போட்டுட்டு சோறு சாப்பிடாம டிவி பார்த்துக்கிட்டே தூங்கிட்டாரு.

ஆனா எனக்கு கடுப்பு என்னன்னா, எங்க பழைய வீட்டு டெலிபோன் நம்பர் இன்னும் கடகடன்னு வாயில வருது, அந்த லைன கட் பண்ணியே எத்தனையோ வருஷம் ஆச்சு. அஞ்சாம் வகுப்பு டீச்சரோட காடி நம்பர் ஞாபகம் இருக்கு. பெத்த அப்பனோட ஐசி நம்பர் இல்ல. உங்களுக்கும் இப்படித்தானா? எதெல்லாம் மனசுல நின்னா நல்லா இருக்கும், எப்படி நிக்க வைக்கிறீங்க?

கெப்போங்_கண்ணன்:

ராஜி, முதல்ல அப்பா நல்லா இருக்காரே அது போதும். ஐசி விஷயத்துக்கு நான் சொல்றேன், 12 நம்பர்னு பயப்படாதீங்க, உண்மையில மனப்பாடம் பண்ண வேண்டியது நாலே நாலுதான். முதல் 6 பொறந்த தேதி, வருஷம் மாசம் நாள்னு தலைகீழா. அடுத்த 2 பொறந்த மாநிலம். கடைசி 4 மட்டும்தான் புதுசு, அதுலயும் கடைசி நம்பர் ஆம்பளைக்கு ஒத்தப்படை பொம்பளைக்கு ரெட்டைப்படை, அதனால தப்பா சொன்னா பாதி நேரம் உங்களுக்கே தெரிஞ்சிடும்.

மாநில கோடு ஏபிசி வரிசைதான். ஜொகூர் 01, கெடா 02, கிளந்தான் 03, மலாக்கா 04, நெகிரி 05, பகாங் 06, பினாங்கு 07, பேரா 08, பெர்லிஸ் 09, சிலாங்கூர் 10, திரெங்கானு 11, அப்புறம் சபா 12, சரவாக் 13 தனியா கடைசில, கேஎல் (கோலாலம்பூர்) 14. இதுல ஒரு கூத்து பாருங்க, மலாய்ல புலாவ் பினாங்னு வச்சா அது பெர்லிஸுக்கு அப்புறம்தான் வரணும், இங்கிலீஷ் பேர வச்சாத்தான் பேராவுக்கு முன்னாடி 07ல உக்காரும். சில மாநிலத்துக்கு ஒண்ணுக்கு மேல கோடு இருக்கு, சின்ன பசங்க ஐசில வேற நம்பர் வந்தா குழம்பாதீங்க.

என் பொண்டாட்டியோட கடைசி நாலு நம்பர நான் ஊருக்கு கொண்டு போற பேக்கோட பூட்டுக்கு வச்சிருக்கேன். திறக்கும்போதெல்லாம் தானா ஞாபகம் வந்துடும். மகனோடது ஜிம் லாக்கருக்கு.

பினாங்கு_ராஜி:

கண்ணன் அண்ணே, ஐடியா சூப்பர், ஆனா எங்க அப்பாகிட்ட செல்லாது 😅 அவரு சுங்கை பட்டாணி பக்கம் தோட்டத்துல பொறந்தவரு, பாட்டி அவர பதிஞ்சதே பல மாசம் கழிச்சுதான், கிராணி (தோட்டத்து கிளார்க்) என்ன தேதி எழுதினாரோ அதுதான் ஐசில. வீட்டுல ஆடி மாசம் பிறந்தநாள் கொண்டாடுவோம், ஐசில நவம்பர். தேதி ஃப்ரீயா கிடைக்கும்னு சொன்னீங்களே, எனக்கு அதுவும் சேர்த்து பத்து நம்பர் மனப்பாடம் பண்ணணும். 02 மட்டும்தான் லாபம்.

ரிட்டயர்டு_மிஸி:

ராஜிமா, நான் முப்பது வருஷத்துக்கு மேல வார்டுல வேலை செஞ்ச மிஸி, அதான் நர்ஸ். ஐசிய விடு, அது எப்படியாவது கிடைச்சிடும், ஆளை வெளிய நிக்க வச்சுட்டு யாரும் நம்பர் கேக்க மாட்டாங்க. மருந்து பேருதான் முக்கியம், அதுலயும் உங்க அப்பா கேசுல ரொம்ப முக்கியம்.

ஏன்னா நீ சொன்ன ரெண்டு வெள்ளை மாத்திரையில ஒண்ணு மெட்போர்மினா இருக்கலாம், இன்னொண்ணு கிளிக்லாசைடா இருக்கலாம், ரெண்டும் இனிப்பு நீருக்குத்தான் ஆனா குணம் வேற. மெட்போர்மின் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு சுகர் அந்த அளவுக்கு இறங்குறது அபூர்வம். கிளிக்லாசைட் கணையத்த தட்டி இன்சுலின் சுரக்க வைக்கிற மருந்து, அத போட்டுட்டு சாப்பிடாம படுத்தா சுகர் இறங்கும், குளுக்கோஸ் ஏத்தி எழுப்பி உக்கார வச்சாலும் மருந்து இன்னும் உடம்புல இருக்குறதால மறுபடி இறங்கலாம். அதனாலதான் டாக்டர் உடனே வீட்டுக்கு விடாம வச்சு பார்ப்பாங்க. விரல குத்தி சுகர பார்க்குறது அரை நிமிஷ வேலை, ஆனா எதனால இறங்குச்சுன்னு மாத்திரை பேருதான் சொல்லும்.

நிறத்தையும் சைசையும் நம்பாதே. இந்த தடவை ஒரு கம்பெனி மாத்திரை வெள்ளையா வரும், அடுத்த தடவை வேற கம்பெனி, வேற நிறம். நான் எத்தனை பேர பார்த்திருக்கேன், பழசும் புதுசும் வேற வேற மருந்துன்னு நினைச்சு ரெண்டையும் சேர்த்து முழுங்கினவங்க!

மனப்பாடம் பண்றதுன்னா மூணே விஷயம் பண்ணு. பேரு, எத்தனை மில்லிகிராம், எந்த மருந்து ஒத்துக்காது. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாதிரி எதாவது சாப்பிட்டா அது எல்லாத்துக்கும் முன்னாடி சொல்லணும், மறக்கவே கூடாது. ஃபார்மசில பாக்கெட் மேல ஒட்டி குடுப்பாங்களே லேபிள், அத போட்டோ எடுத்து குடும்ப வாட்சப் குரூப்ல போட்டு வை, ஒரு காகிதத்துலயும் எழுதி அப்பா ஐசிக்கு பின்னாடி சொருகு. ஐசிய மறந்தா காகிதமும் மறந்துடும்னு கேப்ப. தம்பி காடி டேஷ்போர்டுல இன்னொரு காப்பி.

ஆயர்_ஈத்தாம்_அம்மு:

நீங்க எல்லாம் பெரிய பெரிய விஷயம் பேசுறீங்க, எனக்கு நட்சத்திரம்தான் பிரச்சனை. தண்ணிமலை முருகன் கோயில்ல 513 படி ஏறி மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கும்போது ஐயரு தட்ட வாங்கிக்கிட்டே "பேரு, நட்சத்திரம்"னு கேப்பாரு. என் பேரு சொல்லுவேன், வீட்டுக்காரர் பேரு சொல்லுவேன், ரெண்டாவது பையனுக்கு வரும்போது அப்படியே பிளாங்க். பின்னாடி வரிசை உச்சு கொட்டும். பாதி நாள் "சாமி பேருக்கே பண்ணிடுங்க சாமி"ன்னு தப்பிச்சிடுவேன், ரெண்டாவது பையனுக்கு மட்டும் இத்தனை வருஷமா அர்ச்சனையே நடக்கல பாவம் 😂

இப்ப என் மாமியார் ஒரு வழி சொல்லி குடுத்தாங்க. பௌர்ணமிய பிடிச்சுக்கோன்னாங்க. தை மாசத்துல பௌர்ணமி பூசத்துல, அதான் தைப்பூசம். மாசில மகம், பங்குனில உத்திரம், சித்திரைல சித்திரை, வைகாசில விசாகம், கார்த்திகைல கார்த்திகை. நிலா ஒரு சுத்து வர 27 நாளும் கொஞ்சமும் ஆகும், நட்சத்திரம் 27, அதனால ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒண்ணு. என் பையன் தைப்பூசத்துக்கு மறுநாள் பொறந்தான், பூசத்துக்கு அடுத்தது ஆயில்யம், முடிஞ்சது கதை! இனிமே மறக்க மாட்டேன். சில நேரம் மணி கணக்குல முன்ன பின்ன போகும், அதுக்கு பஞ்சாங்கம் பார்த்துக்கணும், ஆனா ஒரு தடவை பிடி கிடைச்சா நிக்கும்.

ராஜி, உங்க அப்பாவுக்கு ஐசி தேதிய வச்சு யாராவது ஜாதகம் எழுதியிருந்தா அத தூக்கி போடுங்க, நவம்பர் நட்சத்திரம் அவரோடது இல்ல.

செந்தூல்_டியூஷன்_டீச்சர்:

என் பொண்ணுக்கு ஆறு வயசு, போன வருஷம் பத்துமலை கூட்டத்துல ஒரு நிமிஷம் கைய விட்டுட்டா, 272 படியும் தலையா தெரியுது, என் உசுரே போயிடுச்சு. அவ கையில பேனால என் நம்பர எழுதியிருந்தேன், வேர்வையில பாதி அழிஞ்சிடுச்சு. காவடி கூட்டத்துக்கு பக்கத்துலயே அழுதுக்கிட்டு நின்னா, நல்லவேளை. அதுக்கப்புறம் என் போன் நம்பர ஒரு நர்சரி பாட்டு மெட்டுல போட்டு சொல்லி குடுத்தேன். மூணு, மூணு, நாலுன்னு பிரிச்சா பத்து நம்பர் மூணு துண்டு ஆயிடும், 011 நம்பருன்னா கடைசில ஒண்ணு கூட.

ஆனா பாட்டு சொல்லி குடுத்தா மட்டும் போதாது, கேக்கணும். 1885ல எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரரு அர்த்தமே இல்லாத அசைகள தானே மனப்பாடம் பண்ணி தானே டெஸ்ட் பண்ணி எழுதி வச்சாரு, மறக்குறது முதல் சில மணி நேரத்துல தடதடன்னு, அப்புறம்தான் மெதுவா. அதனால நான் சாயந்திரம் ஒரு தடவை, மறுநாள் காலைல ஸ்கூல் வேன் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை, அப்புறம் மூணு நாள் கழிச்சு, அப்புறம் ஒரு வாரம்னு தள்ளி தள்ளி கேப்பேன். தாள பார்த்து படிக்க விட மாட்டேன், அவளே யோசிச்சு சொல்லணும், தடுமாறினா தடுமாறட்டும். இப்ப தூக்கத்துல கேட்டாலும் சொல்றா, ஆனா பாட்டா பாடித்தான் சொல்லுவா, நடுவுல இருந்து ஆரம்பிக்க சொன்னா முழிப்பா 🙂

ஜெலுத்தோங்_சேகர்:

எனக்கு இந்த மனப்பாட ஆசையே கிடையாது, மன்னிக்கணும். தலைல இருக்குறது சோறு தண்ணிக்கே பத்தல. காசு அனுப்ப முன்னெல்லாம் பேங்க் அக்கவுண்ட் நம்பர் கேட்டு எழுதி வப்போம், இப்ப டுவிட்நவ்னு காசு அனுப்புற வசதில போன் நம்பரோ ஐசி நம்பரோ போதும், அதுவும் போன்லயே இருக்கு.

ஆனா ரெண்டு நம்பர் மட்டும் நான் தலைல வச்சிருக்கேன். ஒண்ணு 999, ஆம்புலன்ஸ் போலிஸ் பொம்பா (தீயணைப்பு) எல்லாத்துக்கும் அதான். இன்னொண்ணு 997, பேங்க் காசு ஸ்கேம்ல போச்சுன்னா உடனே கூப்பிடுற நம்பர், 2022ல ஆரம்பிச்சாங்க. ஏன் அத மனப்பாடம் பண்ணேன்னா என் மாமா ஒருத்தர் ஐயாயிரம் வெள்ளி (ரிங்கிட்) அனுப்பிட்டு அரை நாள் யார கூப்பிடுறதுன்னு தேடிக்கிட்டு இருந்தாரு, அதுக்குள்ள காசு நாலு அக்கவுண்ட் தாண்டி போயிருச்சு. அந்த நேரத்துல கூகுள்ல தேடுனா அங்கயும் எவனாவது போலி நம்பர் போட்டு வச்சிருப்பான்.

கண்ணன் அண்ணே, பேக் பூட்டுக்கு ஐசி நம்பர் ஓகே. பேங்க் பின்னுக்கு மட்டும் வச்சிராதீங்க, பர்ஸ் தொலைஞ்சா ஐசியும் கார்டும் ஒண்ணாத்தான் போகும்.

கெப்போங்_கண்ணன்:

சேகரு… இப்பத்தான் பின்ன மாத்திட்டு வரேன். ஒண்ணும் கேக்காதே.

பினாங்கு_ராஜி:

எல்லாருக்கும் நன்றி! மிஸி அக்கா சொன்னது அப்படியே சரி, பாக்கெட்ட குப்பையில இருந்து எடுத்து பார்த்தேன், ஒண்ணு மெட்போர்மின் 500, இன்னொண்ணு கிளிக்லாசைட் 80. அப்பா ரெண்டையும் ஒரே டப்பால கொட்டி வச்சிருந்தாரு, லேபிள தூக்கி குப்பையில போட்டுட்டாராம், "எனக்கு தெரியும்மா எது எது"ன்னு வியாக்கியானம் வேற.

தம்பிகிட்ட டீச்சர் சொன்ன மாதிரி தள்ளி தள்ளி கேக்குறேன். நேத்து ராத்திரி மாமாக் கடையில தே தாரிக் ஆர்டர் பண்ணும்போது திடீர்னு "அப்பாவுக்கு என்ன மாத்திரை"ன்னேன், "கிளிக்லாசைட் எண்பது"ன்னு கத்திட்டான், தண்ணி ஆர்டர் எடுக்க வந்த அண்ணன் அத ஏதோ புது பானம்னு நினைச்சு "இல்ல தம்பி, முடிஞ்சிருச்சு"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு.