ஃபியட் கதவின் டோர் பேட்: பழையதை மீட்பதா, புதிதாகத் தைப்பதா?

கேள்வி – முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் வாங்கிய 1968ஆம் ஆண்டு ஃபியட் 1100 டிலைட் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. எஞ்சினைப் பற்றிக் கவலையில்லை, உட்புறம்தான் சீர்கெட்டுள்ளது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது கொட்டகைக்குள் புகுந்த நீர், வண்டியின் தரைத்தகடு வரை ஏறி வடிந்தது. அதற்குப் பின் டோர் பேடுகளின் (கதவின் உட்புறத்தை மூடும், ரெக்ஸின் ஒட்டிய அட்டைகள்) கீழ் ஓரம் உப்பிப் பெருத்து, ரெக்ஸின் அட்டையை விட்டுக் கழன்று நிற்கிறது. சீட் ரெக்ஸின் மடிப்புகளில் வெடித்துவிட்டது. மேற்கூரைத் துணியில் குறுக்குவாட்டில் பழுப்புக் கோடுகள் விழுந்துள்ளன. எல்லாவற்றையும் கிழித்தெறிந்து புதிதாகத் தைத்துவிடலாம் என்கிறார் சீட் கவர் கடைக்காரர். கதவு ரெக்ஸினில் அழுத்திப் பதித்த கோடுகளை இழக்க எனக்கு மனமில்லை. எதைக் காப்பாற்ற முடியும்?

பதில் – மஞ்சக்குப்பம், கடலூர்

உங்கள் தயக்கம் நியாயமானது. அந்தக் கோடுகள் ஆலையில் சூட்டால் அழுத்திப் பதிக்கப்பட்டவை; நம் ஊர்க் கடைகளில் அவற்றுக்குப் பதிலாகத் தையல் போடுவார்கள், அது பார்த்தவுடனே தெரிந்துவிடும். உங்கள் டோர் பேடில் கெட்டது பின்னாலுள்ள ஹார்ட்போர்டுதான். ரெக்ஸின் அநேகமாக உயிரோடுதான் இருக்கும்.

பேடைக் கழற்றும்போது நடுவில் பிடித்து இழுக்காதீர்கள். துருப்பிடித்த கிளிப் கதவிலேயே நின்றுவிட, அட்டை மட்டும் பிய்ந்து வரும். அகலமான பட்டி பார்க்கும் தகட்டை ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒட்டினாற்போல் நுழைத்து நெம்ப வேண்டும். கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது கதவின் உட்புறத்தை. கண்ணாடி ஓர ரப்பர் தேய்ந்த வண்டியில் ஒவ்வொரு மழைக்கும் கதவுக்குள் நீர் இறங்கத்தான் செய்யும்; அது அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேற வேண்டும். துளைகள் மண்ணால் அடைபட்டு, கதவுக்கும் பேடுக்கும் இடையே இருக்க வேண்டிய பாலித்தீன் தாளும் கிழிந்திருந்தால், புயலே வராவிட்டாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை ஊறிவிடும். இதைச் சரிசெய்யாமல் புதிய பேடு மாட்டுவது வீண் செலவு.

அடுத்து, ரெக்ஸினின் பின்புறத்தை ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, பழைய அட்டையிலிருந்து மெல்ல உரித்தெடுங்கள். பழைய அட்டையை அச்சாக வைத்து நீர் தாங்கும் 3 மி.மீ. மரைன் பிளைவுட்டில் வெட்டி, ஓரங்களுக்கும் துளைகளுக்கும் மறவாமல் வார்னிஷ் இரண்டு கை அடியுங்கள். பலகை நீரை உறிஞ்சத் தொடங்குவது ஓரத்திலிருந்துதான். ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் பசை போதும். இரு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகே இணைக்க வேண்டும். ஈரக்காற்று அடிக்கும் நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பசைமேல் வெண்படலமாகப் படியும், பிறகு பிடிப்பு நிற்காது.

பதில் – உப்பளம், புதுச்சேரி

நான் சீட் தைக்கும் தொழிலில் இருப்பவன். கதவைப் பற்றி மேலே சொன்னவருடன் உடன்படுகிறேன். ஆனால் சீட்டைக் காப்பாற்ற முயல வேண்டாம். ரெக்ஸினை நெகிழ்வாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருள் வெயிலிலும் வயதிலும் வெளியேறிவிட்டால், எந்தப் பாலிஷும் அதை மீட்காது. மேலே பளபளக்கும், உட்கார்ந்ததும் மறுபடி வெடிக்கும். பழைய கவரைக் கிழிக்காமல் தையலைப் பிரித்தெடுத்தால், அந்தத் துண்டுகளே வெட்டுவதற்கு அளவாகும். ஸ்பிரிங்குக்கு மேல் சாக்குத் துணி, அதன்மேல் தேங்காய் நார் மெத்தை, அதற்கு மேல் மெல்லிய ஃபோம் என்ற பழைய வரிசையை மாற்ற வேண்டாம். முழுக்க ஃபோமே வைத்தால் சீட் உயர்ந்து வண்டியின் தோற்றமே மாறிவிடும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். கடற்கரை ஊரில் பருத்தி நூல் தையலுக்குள்ளேயே இற்றுவிடும்.

கூரைத் துணியின் பழுப்புக் கோடுகள் அதைத் தாங்கும் கம்பிகளின் துரு, துவைத்தால் போகாது. கம்பிகளின் வளைவு ஒன்றுபோல் இராது என்பதால், கழற்றும்போதே முன்னிருந்து பின்னாக எண் எழுதிவிடுங்கள். துருவைத் தேய்த்தெடுத்து, துருத் தடுப்புப் பூச்சான ரெட் ஆக்ஸைடு அடித்த பிறகே புதுத்துணியில் கோக்க வேண்டும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது: வெளிறிய பழைய டோர் பேடு அருகே புத்தம் புதிய சீட் உறுத்தாதா? கதவுக்கு ரெக்ஸின் பெயின்ட் அடிக்கலாமா?

பதில் – உப்பளம், புதுச்சேரி

அடிக்கலாம். ஆனால் முன்பு சிலிக்கோன் பாலிஷ் பூசியிருந்தால் பெயின்ட் பிடிக்காமல் ஆங்காங்கே சிறு வட்டங்களாக விலகி நிற்கும். அதை முழுமையாக எடுப்பது கடினம். நானாக இருந்தால் கதவை அப்படியே விட்டு, சீட்டின் நிறத்தை அதற்கு இணங்கத் தேர்ந்தெடுப்பேன். கைப்பிடிக்கு அடியில் வெயில் படாத இடத்தில் மூல நிறம் தெரியும், ஆனால் அதைப் பார்த்து ரெக்ஸின் வாங்கினால் வெளிறிய கதவைவிடச் சீட் ஒரு சாயல் அடர்த்தியாகவே தெரியும். பேடையே கடைக்கு எடுத்துச் சென்று, டியூப்லைட் வெளிச்சத்தில் முடிவு செய்யாமல், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு வாங்குங்கள்.